மேலிருந்து கீழே இறங்கிய பாட்டு

சங்கிலி தொலைந்தது, சைக்கிள் தொலைந்தது, கனடாவிலிருந்து வந்த மாப்பிள்ளை தொலைந்தார் என்று நிவேதனாவைத் தேடி வந்தவர்கள் நிறையப் பேர். பாட்டைத் தொலைத்துவிட்டு வந்தவள் தாரிகா ஒருத்திதான். அதுவும் சும்மா தொலைந்த பாட்டா? ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தொலைந்துபோன பாட்டு.

நிவேதனாவின் உதவியாளன் பிரகலாதனின் வாயை விட்டு அந்தப் பாட்டுப் போக மாட்டேன் என்றது. காங்கேசன்துறை வீதியில் ஸ்கூட்டியின் பின்சீட்டில் இருந்துகொண்டு தன் தொடையிலேயே தாளம் போட்டபடி வந்தான். ஓட்டுவது எப்போதும் நிவேதனாதான். யாழ்ப்பாணத்தில், தையல்கடை மேல்மாடியில், 'துப்பறியும் நிலையம்' என்ற பலகையில் அவனுடைய பெயருக்குக் கீழே உதவியாளர் என்று எழுதியிருந்தது உண்மை. ஆனால் பின்சீட்டில் இருப்பது, கேள்வி கேட்பது, இறங்கின பிறகு இரண்டு ஹெல்மெட்டையும் தூக்கிக் காவுவது, இந்த மூன்றும்தான் தன் உத்தியோகம் என்பது அவனுக்கு வடிவாகத் தெரியும்.

"அக்கா, ஒரு சந்தேகம்."

"கேளும்."

"பாட்டைக் களவெடுத்தவனைப் பிடிக்கப் போறம். சரி. பிடிச்சாப் பிறகு பாட்டை எதுக்குள்ளை போட்டுக் கொண்டுவாறது? பையொண்டும் கொண்டுவரேல்லையே."

"உம்மடை வாயைத் தைக்கிறதுக்கு நூல் கொண்டுவந்திருக்கிறன். அதிலை கட்டிக்கொண்டு வருவம்."

விஷயம் இதுதான். போன கிழமை உடுவிலில் சிவசுப்பிரமணியம் என்ற பெரிய தோட்டக்காரரின் மகளுக்குச் சாமத்தியவீடு, அதாவது மஞ்சள் நீராட்டு விழா. பிள்ளையை அன்ன வாகனத்தில் ஏற்றி மண்டபத்துக்குள் தள்ளிக்கொண்டு வரும்போது ஒரு பாட்டுப் போட்டார்கள். சொல் ஒன்றும் இல்லாத பாட்டு. மேலே வயலின் குழைய, அடியில் டக்கு டகடகு என்று ஒரு தாளம். அந்தத் தாளம் செய்த வேலையைச் சொல்லி மாளாது. முன்வரிசைப் பெரியவர்கள் வெற்றிலையை வாயில் வைத்துக்கொண்டே எழும்பி ஆடினார்கள். வீடியோக்காரன் கமெராவை மறந்துவிட்டு ஆடினான். அன்னத்தைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் அன்னத்தை நடு வழியில் விட்டுவிட்டு ஆடினார்கள்.

அந்தச் சபையில் தில்லைநாதன் இருந்தார். ரொறன்ரோவிலிருந்து வந்தவர், தன் முதல் படத்தை எடுக்கிறவர். என் படம் இந்தப் பாட்டோடுதான் தொடங்கும், இதைக் கட்டியது யார் என்று அவர் கேட்டார். ஒரே நேரத்தில் இரண்டு பேர் "நான்" என்றார்கள். ஒருவன் கஜீவன், பாட்டை முடித்துக் கொடுத்த ஸ்டூடியோவின் முதலாளி. மற்றவள் காங்கேசன்துறைக் கடற்கரைப் பெண் தாரிகா. பாட்டுக் கட்டும் ட்றாக்கர் அப் ஒன்றில், போனிலேயே, பாட்டின் எலும்பையெல்லாம் தானே கட்டியதாகவும், வயலின் போட்டு மெருகேற்றுவதற்குத்தான் கஜீவனின் கொம்பியூட்டருக்குக் கொண்டுபோனதாகவும் அவள் சொன்னாள்.

"அப்ப போனைக் காட்டினால் சரிதானே," என்று, அவள் அலுவலகத்துக்கு வந்த அன்றைக்கே பிரகலாதன் கேட்டிருந்தான்.

"எங்கடை வீட்டுப் போன் ஐஸ் பெட்டிக்குள்ளை விழுந்திட்டுது அண்ணை. விளைமீனுக்குக் கீழை கிடந்து செத்துப்போச்சு."

"மீன் தப்பிச்சுதோ?"

தாரிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வராததற்குக் காரணம் இருந்தது. தில்லைநாதன் இன்றைக்குக் காங்கேசன்துறையிலிருந்து கப்பலேறி நாகபட்டினம் போகிறார். அதற்கு முன்னர் ஒரே ஒரு பெயர் அவருக்குத் தெரிய வேண்டும். இரண்டு பேரும் இழுபறிப்பட்டுக்கொண்டு நின்றால் இந்தப் பாட்டே வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

கஜீவனின் ஸ்டூடியோ உடுவிலில் அவனுடைய தகப்பனின் பழைய வெங்காயக் கொட்டில். சுவர் முழுக்க முட்டை மட்டை ஒட்டி, ஏசி பூட்டி, கதவுக்கு மெத்தை அடித்து வைத்திருந்தான். வெங்காய வாசத்தை மட்டும் அவனால் வெளியேற்ற முடியவில்லை.

"சோகப் பாட்டுப் பாட வாற ஆக்களுக்கு நல்ல வசதி," என்றான் பிரகலாதன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

உள்ளே சுழல் கதிரையில் கஜீவன் அரைவட்டம் அடித்துக்கொண்டிருந்தான். வெயில் எட்டிப் பார்க்காத அறையில் தலையில் கறுப்புக் கண்ணாடி. தில்லைநாதன் தன் பயணப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார். தாரிகா கதவு மூலையில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"வாங்கோ மிஸ்," என்று கஜீவன் திரையைக் காட்டினான். பாட்டு முழுவதும் நிறம் நிறமான பட்டிகளாக இடமிருந்து வலமாக நீண்டு கிடந்தது. "இதுதான் பாட்டு. இஞ்சைதான் பிறந்தது, இஞ்சைதான் வளர்ந்தது. போனிலை என்ன செய்யலாம்? மெசேஜ் பாக்கலாம், பஸ் எங்கை வருகுது எண்டு கேக்கலாம். பாட்டுக் கட்டுறதெண்டால் மெஷின் வேணும்."

"எனக்கு ரெண்டு பேரிலையும் கோவமில்லை," என்றார் தில்லைநாதன். "கப்பலுக்கு நேரமாகுது, அவ்வளவுதான்."

நிவேதனா கைப்பையை மேசையில் வைத்தாள். "முதல்லை ஒரு சின்ன விளையாட்டு. பாட்டு எங்கை துடங்கி எங்கை முடியுது எண்டு மேசையிலை விரலாலை கீறிக் காட்டுங்கோ. ரெண்டு பேரும்."

கஜீவன் சிரித்துக்கொண்டு இடக்கைப் பக்கம் தொடங்கி வலக்கைப் பக்கம் வரைக்கும் ஓர் அலையை ஓட்டிவிட்டான். தாரிகா கிட்ட வந்து, மிகக் கவனமாக, அவளும் இடமிருந்து வலமாகக் கீறினாள். "இதிலை வயலின் வருகுது. இதிலை தாளம் நிண்டு மூச்சு விடுது. இதிலை திரும்பவும் ஏறுது." எல்லாம் சரியாகத்தான் சொன்னாள்.

நிவேதனா அந்த விரலையே கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிரகலாதனுக்கு அந்தப் பார்வை பழக்கம். தனக்குப் பிடிக்காத ஏதோ ஒன்று கண்ணில் பட்டால்தான் அப்படிப் பார்ப்பாள்.

"வடிவாக் கீறினீங்கள்," என்றாள். பிறகு கஜீவனின் பக்கம் திரும்பினாள். "பாட்டின்ரை வேகம் என்ன?"

"நிமிஷத்துக்கு நூற்றி இருபத்தைஞ்சு அடி."

"புதுசா ஒரு பாட்டைத் திறவுங்கோ பாப்பம். வெறும் பக்கம்."

திறந்தான். மூலையில் நூற்றி இருபது என்று வந்து நின்றது.

"மெஷின் தானாத் தாறது நூற்றி இருபது. நீங்கள் ஏன் அஞ்சைக் கூட்டினனீங்கள்?"

"மனசு சொல்லிச்சுது."

"உங்கடை மற்றப் பாட்டுகளையும் ஒருக்காத் திறவுங்கோ."

திறந்தான். பிறந்தநாள் பாட்டு, நூற்றி இருபது. நகைக்கடை விளம்பரம், நூற்றி இருபது. கிரிக்கெட் கழகத்துப் பாட்டு, அதுவும் நூற்றி இருபது.

"உதுகளுக்கு மனசு ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று பிரகலாதன் கவலையோடு கேட்டான்.

நிவேதனா தன் போனை எடுத்து நீட்டினாள். நேற்றுப் பின்னேரம் அந்த ட்றாக்கர் அப்பை இறக்கி, அலுவலகத்தில் இருந்து அதோடு மினக்கெட்டிருந்தாள். அவள் கட்டிய பாட்டைக் கேட்டுக் கீழ்மாடித் தையல்காரர் தண்ணீர் மோட்டர் பழுதா என்று விசாரிக்க வந்தது தனிக்கதை. திரையில் எண்களும் எழுத்துகளும் வரிவரியாக அடுக்கியிருந்தன. தலைப்பில் வேகம் நூற்றி இருபத்தைந்து.

"இந்த அப் தானாத் தாற வேகம் இது. நான் ஒண்டையும் தொடேல்லை."

"அது தற்செயல் மிஸ்."

"இருக்கலாம். உந்தத் தாளம் என்ன வாத்தியம்?"

"உடுக்கு," என்றான் கஜீவன் பட்டென்று.

"ஆர் அடிச்சது?"

"கொழும்புத்துறையிலை ஒருத்தர்."

"பேர்?"

கஜீவன் முட்டை மட்டையைப் பார்த்தான். முட்டை மட்டையில் பெயர் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"சரி, அவரைத் தேட வேண்டாம்," என்றாள் நிவேதனா. "உந்தத் தாளத்தை மட்டும் தனியாப் போடுங்கோ. தில்லைநாதன் அண்ணை, நீங்களும் கேளுங்கோ. சத்தம் உச்ச ஸ்தாயிக்குப் போகப் போக என்னாகுது?"

தாளம் தனியே ஓடியது. தில்லைநாதன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "கட்டையாகுது. கீழை அடிக்கேக்கை நீளமா இருக்கு, மேலை போனால் டிக் எண்டு முடிஞ்சிடுது."

"அதுதான். ட்றாக்கரிலை ஒரு சத்தத்தை ஏத்தினால் அது கெதியா ஓடும். கெதியா ஓடினால் கெதியா முடியும். கஜீவன்ரை மெஷினிலை எவ்வளவு ஏத்தினாலும் நீளம் மாறாது, அது தானாச் சமப்படுத்திப்போடும். உது போனிலை பிறந்த தாளம்."

கஜீவன் சளைக்கவில்லை. "சரி மிஸ். என்னட்டையும் போன் இருக்குத்தானே? என்ரை போனிலை, உதே அப்பிலை, நான்தான் கட்டினனான்."

"மெசேஜ் பாக்கிற போனிலையோ, பஸ் கேக்கிற போனிலையோ?" என்றான் பிரகலாதன்.

தில்லைநாதனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் தலையை ஆட்டினார். "பிள்ளை நிவேதனா, சிரிக்க நல்லாயிருக்கு. ஆனா உது காணாது. போனிலை பிறந்தது எண்டு தெரியுது. ஆரின்ரை போனிலை எண்டு தெரியேல்லையே."

"தெரியும் அண்ணை. கஜீவன், பாட்டு முடியிற இடத்தைப் பெருசாக்கிக் காட்டுங்கோ."

கஜீவன் பெரிதாக்கினான். வயலின் பட்டி முடிந்துவிட்டது. மற்றப் பட்டிகளும் முடிந்துவிட்டன. தாளப் பட்டி மட்டும் முடியாமல் இன்னும் கொஞ்சத் தூரம் தனியே நீண்டு கிடந்தது. அதன் மேலே ஒரு கோடு சரிந்து இறங்கி, சத்தத்தை இல்லாமல் ஆக்கியிருந்தது.

"ட்றாக்கரிலை ஒரு சத்தத்தை அடுத்த சத்தம் வந்துதான் வெட்டும்," என்று நிவேதனா விளக்கினாள். "கடைசிச் சத்தத்துக்குப் பிறகு வெட்டுறதுக்கு ஆளில்லை. அது தன்ரை பாட்டிலை முழுக்க ஓடித்தான் முடியும். போனிலை எவ்வளவு பதிஞ்சு வைச்சிருந்ததோ, அவ்வளவும் உதுக்குள்ளை இருக்கு. நீங்கள் அதை வெட்டேல்லை, மேலாலை மூடியிருக்கிறீங்கள். ஏன்?"

"அதுக்குள்ளை ஒரு மண்ணும் இல்லை மிஸ். சுண்டெலி கத்துறமாதிரி ஒரு கீச்சல். எனக்கு அது பிழையாத் தெரியேல்லை. உந்தத் தாரிகாதான் மூடு மூடு எண்டு ஒற்றைக் காலிலை நிண்டவ."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது கஜீவனுக்கு உறைத்தது. சுழல் கதிரை நின்றுவிட்டது.

"உங்கடை பாட்டுக்கு உவ ஏன் ஒற்றைக் காலிலை நிண்டவ?" என்று பிரகலாதன் மெல்லக் கேட்டான். "உங்களுக்கு ரெண்டு கால் இருக்கே."

"அது... கூட்டாளி எண்ட முறையிலை..." கஜீவன் கறுப்புக் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிக் கண்ணில் போட்டுக்கொண்டான்.

பிரகலாதனுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. வழக்கு முடிந்தது, கட்சிக்காரி வென்றாள், சுன்னாகத்தில் நிறுத்தி ஆளுக்கொரு ரோல்ஸ் சாப்பிடலாம் என்று மனம் கணக்குப் போட்டது. தாரிகாவைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். அவளோ பேயறைந்தது போல நின்றாள்.

தில்லைநாதன் எழும்பினார். "அந்தக் கீச்சலைத் திறவுங்கோ. என்னதான் இருக்கு எண்டு கேட்டிட்டுப் போறன். அதோடை என்ரை சந்தேகமும் தீரும்."

"ஒரு நிமிஷம் அண்ணை," என்றாள் நிவேதனா. "தாரிகா, ஒருக்கா வெளியிலை வாரும்."

வெளியே கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு முருங்கை மரம். அதற்குப் பின்னால் போய் நின்றால் தான் தெரிய மாட்டேன் என்று பிரகலாதன் நினைத்தான். முருங்கை மரம் எவ்வளவு மெல்லியது என்பதை அவன் கவனிக்கவில்லை. நிவேதனா அவனை விரட்டவும் இல்லை.

"நீர் ட்றாக்கரிலை பாட்டுக் கட்டினனீர் இல்லை," என்றாள் தாரிகாவிடம்.

"ஏனக்கா அப்பிடிச் சொல்லுறியள்?"

"ட்றாக்கரிலை பாட்டு மேலையிருந்து கீழை இறங்கும், கடைச் சிட்டை மாதிரி. ஒரு பின்னேரம் அதோடை மினக்கெட்ட எனக்கே இப்ப பாட்டு எண்டால் விரல் கீழைதான் போகுது. நீர் இடமிருந்து வலமாக் கீறினீர். வயலின் வாற இடம், தாளம் நிக்கிற இடம் எல்லாம் உமக்குப் பாடம். ஆனா நீர் அதைப் பாத்தது கஜீவன்ரை மெஷினிலை."

தாரிகாவின் கண் நிறைந்துவிட்டது. "வயலின் எங்கை வரவேணும் எண்டு நான்தான் சொன்னனான் அக்கா. நாள் நாளா அந்த மெஷினுக்குப் பக்கத்திலை இருந்தனான். அது பொய்யில்லை."

"நம்புறன்."

"அண்டைக்கு மண்டபத்திலை அவர் என்னைப் பாத்துத்தான் கேட்டவர். பிள்ளை, இது ஆர் செய்தது எண்டு. என்னட்டை ஒருத்தரும் ஒரு நாளும் அப்பிடிக் கேட்டதில்லை. சபையெல்லாம் திரும்பிப் பாக்குது. வாய் தானா நான் எண்டிட்டுது. பிறகு இல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

"கீச்சலுக்குள்ளை என்ன இருக்கு எண்டு உமக்குத் தெரியும்."

"ஓம்."

"அதைத் திறந்தால் கஜீவன் தோப்பார். நீரும் தோப்பீர். திறக்காட்டி அவர் ஒருத்தரையும் நம்பாமல் கப்பலேறிப் போவார், பாட்டு இந்த வெங்காயக் கொட்டிலுக்குள்ளையே கிடக்கும். நீர்தான் என்னட்டை வந்தனீர். நீர் வேண்டாம் எண்டால் நான் தொடமாட்டன்."

பிரகலாதனுக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டு ஹெல்மெட்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

தாரிகா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். கிணற்றைப் பார்த்தாள், வாசல் படலையைப் பார்த்தாள். ஓடிவிடுவாளோ என்றுகூட பிரகலாதன் பயந்தான்.

"திறவுங்கோ அக்கா," என்றாள் கடைசியில். "அந்தப் பாட்டு இஞ்சை கிடக்கக்கூடாது."

நிவேதனா சொல்லச் சொல்ல கஜீவன் செய்தான். முதலில் அந்தச் சரிந்த கோட்டை அழித்தான். சுண்டெலிதான் கத்தியது. பிறகு மெஷின் தானாகச் சமப்படுத்துவதை நிறுத்திவிட்டு, அந்தத் துண்டை இழுத்து வேகத்தைக் குறைத்தான். சுண்டெலி சேவலாகியது. இன்னும் குறைத்தான். சேவல் சின்னப் பிள்ளையாகியது. இன்னும் குறைத்தபோது கடற்காகம் கத்தியது, ஐஸ் கொட்டுகிற சத்தம் கேட்டது, யாரோ ஒரு மனிதர் தொண்டையைத் திறந்து "ஹே" என்று ஆரம்பித்து முழங்கினார்.

"ஹே, பாரை, பாரை, பாரை, ஆர் கேக்கிறியள், கேளுங்கோ, பாரை, பாரை."

முதலில் வாயைத் திறந்தவன் பிரகலாதன்.

"உடுக்கு எண்டது கெதியா ஓடவிட்ட இந்தாளின்ரை தொண்டையையோ? அப்ப சிவசுப்பிரமணியம் ஐயான்ரை மகளை அன்ன வாகனத்திலை கொண்டுவந்தது மீன் ஏலத்தோடையோ? அந்தச் சைவ வீட்டிலை முட்டை எண்ட சொல்லே வாயிலை எடுக்காயினம். அவரின்ரை தமையனார் ரெண்டு கையையும் தூக்கி எல்லோ ஆடினவர்."

தில்லைநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கஜீவன்கூடச் சிரித்துவிட்டான். ஆனால் ஒலி இன்னும் முடியவில்லை. ஏலக்காரரின் குரலுக்கு மேலே, போனுக்கு மிகக் கிட்ட, ஓர் இளம் பெண்ணின் குரல் எரிந்து விழுந்தது.

"அம்மா, பாரை போகப்போகுது, அந்தப் போனைக் கீழை வையுங்கோ. பாட்டுக் கட்டிக் கட்டி உங்களுக்கு விசர் பிடிக்கப்போகுது."

"பொறு பிள்ளை," என்றது இன்னொரு குரல், சிரித்துக்கொண்டு. "உந்தாளின்ரை தொண்டை என்ன வடிவாத் தாளம் போடுது. ஒருக்கா எடுத்திட்டு வைக்கிறன்."

அதோடு முடிந்தது.

தில்லைநாதன் சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தாரிகாவைப் பார்த்தார். "அந்தப் பிள்ளை ஆர்?"

"நான்தான்," என்றாள் தாரிகா. "மற்றது என்ரை அம்மா, மகாதேவி. பாட்டுக் கட்டினது அவதான். கஜீவன் அண்ணையும் கட்டேல்லை, நானும் கட்டேல்லை. என்ரை எண்டு உங்களுக்கு நான் பொய் சொன்னனான்."

அவள் தலையைக் குனியவில்லை.

கஜீவன் கதிரையிலிருந்து எழும்பினான். "ஐயோ அண்ணை, கடவுளாணை, அம்மான்ரை பாட்டு எண்டு எனக்குத் தெரியாது. உவவின்ரை பாட்டு எண்டு நினைச்சுத்தான் நான் எடுத்தனான்."

"உதை நான் நல்ல சாட்சியம் எண்டு எடுத்துக்கொள்ளுறன்," என்றாள் நிவேதனா.

தில்லைநாதன் பயணப்பெட்டியைத் தூக்கினார். "அம்மா இப்ப எங்கை?"

"காங்கேசன்துறையிலை. கடற்கரையிலை மீன் விக்கிறா."

"நானும் அங்கைதானே போறன். நான் பிடிச்ச வான் வெளியிலை நிக்குது, எல்லாரும் ஏறுங்கோ."

கஜீவன் அந்தப் பாட்டை ஒரு பென்ட்ரைவில் ஏற்றிக்கொண்டு, கேட்காமலே வானில் ஏறினான். தெல்லிப்பழை தாண்டும் வரைக்கும் வானுக்குள் பாட்டு ஓடியது, ஸ்கூட்டியில் பின்னால் போனவர்களுக்கும் கேட்டது. பாரை என்று தெரிந்த பிறகு அந்தத் தாளம் இன்னும் கூடப் பிடித்துவிட்டது பிரகலாதனுக்கு. "பாரை, பாரை" என்று அவனும் கூடவே ஏலம் போட்டான். மல்லாகத்தில் சைக்கிளில் போன ஒரு பெண் உண்மையாகவே "என்ன விலை?" என்று கேட்டுவிட்டாள்.

கடற்கரையில் ஏலம் முடிந்திருந்தது. மகாதேவி கவிழ்த்த பெட்டி ஒன்றின் மேல் இருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகி, மகனின் பழைய சேர்ட்டை மேலே போட்டிருந்தாள். முன்னால் ஒட்டியும் சீலாவும் குவித்திருந்தது. கையில் பொலித்தீன் பைக்குள் ஒரு புதுப் போன். பைக்கு மேலாலேயே பெருவிரல் கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நிவேதனா பிரகலாதனை முழங்கையால் இடித்தாள்.

"சீலா வேணுமோ?" என்றாள் மகாதேவி நிமிராமல்.

"பாட்டு வேணும் அக்கா," என்றார் தில்லைநாதன்.

அவர் வானில் பாட்டைப் போட்டுக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். மண்டபத்தில் ஊர் ஆடியதைச் சொன்னார், படத்தைச் சொன்னார், இரண்டு பேர் நான் என்றதையும் மறைக்காமல் சொன்னார். மகாதேவி போனை மடியில் வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். தாரிகா வானுக்குப் பக்கத்திலேயே நின்றாள், கிட்ட வரவில்லை.

"உன்ரை எண்டு சொன்னனீயோ?"

"ஓம் அம்மா."

"பிறகு ஆர் உண்மையைச் சொன்னது?"

"நானும்தான்."

மகாதேவி ஒரு சீலாவை எடுத்து மற்றப் பக்கம் திருப்பி வைத்தாள். திரும்ப எடுத்துப் பழைய பக்கத்துக்கே வைத்தாள். என்ன ஏச்சு விழப்போகிறதோ என்று கஜீவன் பிரகலாதனுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"அதை விடு. கடைசியை ஏன் மூடச் சொன்னனீ?"

"என்ரை குரல் அதுக்குள்ளை கிடந்தது. நான் உங்களை ஏசுறது. அது கேட்டால் எல்லாம் தெரிஞ்சிடும் எண்டு..."

"அடி விசரி," என்றாள் மகாதேவி. "எனக்கு வெட்டத் தெரியாமலோ அதை விட்டனான்? முழுப் பாட்டையும் வெட்டி வெட்டித்தானே கட்டினனான். உன்ரை குரலை வெட்ட மனம் வரேல்லை. பாட்டு முடியேக்கை நீ வந்து நிக்கவேணும் எண்டுதான் கடைசியிலை போட்டனான். ஒருத்தருக்கும் விளங்காமல், எனக்கு மட்டும் விளங்கிறமாதிரி. உன்ரை பங்கை நீயே மூடிப்போட்டு வந்து நிக்கிறாய்."

தாரிகா அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டும் சேர்ந்து வந்ததில் விக்கல் எடுத்துவிட்டது. தாய் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள், அப்போதுதான் அவள் கிட்ட வந்தாள்.

தில்லைநாதனுக்குக் கை கால் நிற்கவில்லை. "திறந்தே போடுவம் அக்கா. படம் துடங்கேக்கை கீச்செண்டு கேக்கும், அது அப்பிடியே இறங்கி இறங்கிக் குரலா வரவேணும். கடலைக் காட்டேக்கை இந்தப் பிள்ளை ஏசுறது கேக்கவேணும். இசை எண்டு உங்கடை பேர் தனியா வரும்."

"உந்தத் தம்பியின்ரை பேரையும் போடுங்கோ," என்று மகாதேவி கஜீவனைக் காட்டினாள். "போனிலை எனக்கு ஏலத்தைத்தான் பாட்டாக்க ஏலும். அதைச் சாமத்தியவீட்டுக்குக் கொண்டுபோகிறமாதிரிச் செய்தது அவரின்ரை மெஷின்தான். வயலினை நல்லா வைச்சிருக்கிறார். களவெடுத்தது வேறை கதை, அதுக்கு நாளைக்கு வந்து ஐஸ் பெட்டி தூக்கட்டும்."

"வாறன் அம்மா," என்றான் கஜீவன், கண்ணாடியைக் கழற்றி.

துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஒருதரம் ஊதியது. தில்லைநாதன் பெட்டியைத் தூக்கினார், இரண்டு அடி வைத்தார், பிறகு நின்று திரும்பினார்.

"பிள்ளை, குரல் எண்டு உம்மடை பேரும் வரும். முழுப்பேரைச் சொல்லும்."

தாரிகா விக்கலை விழுங்கினாள். பள்ளிக்கூடத்திலும் வங்கியிலும் அவள் இத்தனை காலமும் தகப்பன் பெயரை முன்னுக்குப் போட்டுத்தான் சொல்லி வந்தவள். கடற்கரையில் எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் தாயைப் பார்த்தாள்.

"மகாதேவி தாரிகா," என்றாள்.